செய்த கை அளக்கக் கூடாது

அத்தியாயம் பதினாறு

போன வாரம் மைக்காரியை ஆய்வுக்கூடத்து மாடிப்படியில், கையில் போனோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். கடலோரத்து ஆலையின் தலைவி அப்போதுதான் பேசி முடித்திருந்தார்.

"உங்க மை மேல எனக்கு ஒரு ஆசை இருந்துச்சும்மா. நாளைக்குச் சாயங்காலம் மெஷினை மத்தவங்க மைக்கே செட் பண்ணிடறோம். அப்புறம் மாத்த முடியாது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு தோணுச்சு."

"சொன்னதே பெரிசு, மேடம்" என்று மைக்காரி போனை வைத்தாள். அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் ஒரு வருஷம் முன்பே அழுது தீர்த்திருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மைக்காரி எழுதுகிற மை செய்பவள் இல்லை. அவள் செய்வது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுக்கும் என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இவளுடைய பிளாஸ்டிக் கடத்தும். தண்ணீரில் கலந்து புட்டியில் வைத்தால் கருநீல மைதான். விரலிடுக்கில் எப்போதும் அந்தக் கறை இருக்கும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில், "மை வைத்து மயக்கிவிட்டாள்" என்று கேலி செய்தார்கள். கறையோடு சேர்ந்து பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்த மை எதற்கு? செய்தித்தாளை அச்சடிப்பது போலச் சூரிய மின்கலத்தை அச்சடிக்கிற ஆலைகள் வந்துவிட்டன. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம், அவ்வளவு மெல்லிய ஷீட். வெயில் பட்டால் அதற்குள் மின்சாரம் பிறக்கும். பிறந்தது வெளியே வர ஒரு வாசல் வேண்டுமே, அந்த வாசல்தான் இந்த மை. மற்றவர்கள் செய்கிற மையில் அமிலம் உண்டு. முதல் நாளே அடியிலிருக்கிற உலோகப் பூச்சை அரிக்க ஆரம்பித்துவிடும். கதவே கரையானாகி நிலைச்சட்டத்தைத் தின்கிற கதை. மைக்காரி அமிலம் இல்லாத மை ஒன்றைச் செய்தாள். இளமையில் பாதியை அதற்குக் கொடுத்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

போன வருஷம் அளந்து பார்த்தார்கள். விழுகிற வெயிலில் நூற்றில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதுதான் அளவு. அமில மைக்குப் பதினான்கு வந்தது. மைக்காரியின் மைக்கு ஒன்பது. "ரொம்ப நாள் உழைக்கலாம்மா, ஆனா நோஞ்சானா இருக்கே" என்று ஆலை கையை விரித்துவிட்டது.

அளந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செய்த கை அளக்கக் கூடாது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? தான் செய்ததைத் தானே அளக்கிறவர்கள் பத்து முறை அளந்து, நன்றாக வந்த ஒரு முறையை மட்டும் ஊருக்குக் காட்டுவார்கள். அதைத் தடுக்கத்தான் விதி. அதைக் கொண்டுவந்தவள் மைக்காரி. அளக்கிற வேலைக்குத் தங்கையைச் சிபாரிசு செய்தவளும் அவளேதான். தங்கை அக்காவுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுவாளோ என்று அப்போது ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒன்பது என்று வந்ததும் அத்தனை வாயும் அடைத்துப்போனது. "சொந்த அக்கான்னுகூடப் பார்க்கலை, பாருங்க!" என்று சின்னவளைப் பாராட்டாதவர்கள் இல்லை. அந்த வேதனையிலும் மைக்காரிக்குத் தங்கையை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி இன்றைய கதை.

போன் வந்த மறுநாள் காலை சின்னவளுக்கு விடுப்பு. அப்பாவை பிசியோதெரபி மருத்துவரிடம் கூட்டிப்போகும் நாள். அளவு மெஷினின் விளக்கில் நேற்றுதான் புது பல்பு மாட்டியிருந்தார்கள். சூரியனுக்குப் பதில் வேலை செய்கிற விளக்கு அது. கூடவும் எரியக் கூடாது, குறையவும் கூடாது. சரிபார்க்க ஆள் இல்லை என்று மைக்காரியே போனாள்.

அளவுக்கென்று வைத்திருக்கும் மூலக் கலத்தை முதலில் வைத்துப் பார்த்தாள். விளக்கு சரியாக இருந்தது. அடுத்து, சின்னச் சின்ன சோலார் செல்கள் பதித்த நிஜமான கண்ணாடி பிளேட் ஒன்றை வைத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மற்றவர்களின் பிளேட்டைத் தொட்டால் சண்டைக்கு வருவார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் நீண்ட ரப்பர் உறைகளில் கையை நுழைத்துத் துழாவினாள். பின் மூலையில், போன வருஷத்து அவளுடைய பிளேட்டுகள் கிடந்தன. தூக்கிப் போட யாருக்கும் ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

'இதை நான் அளக்கக் கூடாதே' என்று ஒரு கணம் தோன்றியது. பிணத்துக்கு என்ன விதி என்று அடுத்த கணமே சிரித்துக்கொண்டாள்.

பிளேட்டை வைத்தாள். மேலே மாஸ்க்கை வைத்தாள். முகத்தில் மாட்டுகிற மாஸ்க் இல்லை, நடுவில் சின்னச் சதுர ஓட்டை போட்ட கறுப்புத் தகடு. அந்த ஓட்டை அளவுக்குத்தான் வெளிச்சம் செல்லில் விழ வேண்டும். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பதிமூன்றரை என்று வந்தது.

பல்பில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். மூலக் கலத்தைத் திரும்ப வைத்தாள். சரியாகவே இருந்தது. அதே பிளேட்டில் பக்கத்துச் செல்லை அளந்தாள். பதிமூன்றுக்கு மேல். அதற்கடுத்ததும் அப்படியே. சோலார் செல் ஒன்றும் சாராயம் இல்லை, வைக்க வைக்க வீரியம் ஏற. வைத்தால் குறையும், அதிர்ஷ்டம் இருந்தால் குறையாமல் இருக்கும். ஒன்பதாக இருந்தது ஒரு வருஷம் மூலையில் கிடந்துவிட்டுப் பதிமூன்றரையாக எழுந்து உட்காராது.

அவள் திரையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். மின்னழுத்தம் போன வருஷம் எவ்வளவோ அதே அளவு. மின்னோட்டம் மட்டும்தான் ஏறியிருந்தது.

போன வருஷமும் அதுதானே புதிர்! அழுத்தம் ஒழுங்காக இருக்க, ஓட்டம் மட்டும் ஏன் படுத்துக்கொண்டது என்று எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். மையைச் சரியாக வடிகட்டவில்லையோ, பூச்சு எங்கோ திட்டுத்திட்டாக விழுந்ததோ என்று தன் கையையே குறை சொன்னாள். ஒரு கட்டத்தில், இந்தக் கைக்கு இனி நுணுக்கமான வேலை வராது என்று நம்பியே விட்டாள். ஆராய்ச்சியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டு, பிறருக்கு மை கலக்கிக் கொடுக்கிற வேலைக்குப் போனாள்.

மின்னோட்டம் மட்டும் குறைகிற நோய் எது என்று இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதல் பதிலாகச் சொல்வார்கள். சின்ன ஓட்டை போட்ட மாஸ்க்கை வைத்துவிட்டு, கணக்கில் பெரிய ஓட்டை என்று போடுவது. வேறு யாராவது அளந்திருந்தால், "எந்த மாஸ்க் வச்சீங்க?" என்பதுதான் மைக்காரியின் முதல் கேள்வியாக இருந்திருக்கும். அளந்தது தங்கை. அதனால் அந்தக் கேள்வி வாயில் வரவேயில்லை.

மைக்காரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். மை தோற்கவில்லை, கையும் தோற்கவில்லை. ஆனால் சந்தோஷம் கிட்டவே வரவில்லை.

ஆலைத் தலைவிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. 'மெஷினை செட் பண்ணும் முன் தயவுசெய்து கூப்பிடுங்கள்' என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மாடியில் மைக்காரியும், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரும். கீழ்த்தளத்தில் அப்பாவும் சின்னவளும். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒன்றேகால் வருஷம் முன்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். கோபத்துக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சின்னவள் அடுப்படியில் சூப் சூடு செய்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா இந்த நேரத்துல? லைட் எரியலையா?"

"எரியுது. நல்லாவே எரியுது. என் பழைய பிளேட்டை வச்சுப் பார்த்தேன்."

கரண்டி நின்றது. "நீயா அளந்தே? நீதானே அளக்கக் கூடாதுன்னு..."

"பதிமூணரை."

சின்னவள் திரும்பவில்லை. "புது பல்புல்ல, ஒருவேளை அதனால..."

"பல்பைப் பார்த்துட்டேன்."

"மாஸ்க் சரியா உட்காரலைன்னா..."

"நீ தினமும் வைக்கிற மாஸ்க்தான். சரியாத்தான் உட்கார்ந்துச்சு. போன வருஷம் என் பிளேட்டுக்கு மட்டும் எந்த மாஸ்க்டி வச்சே?"

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை.

"என்ன... சத்தம்?" என்றார் அப்பா உள்ளிருந்து. "ரிமோட்... இங்கதான்... இருக்கு."

அக்காவும் தங்கையும் டிவிக்குச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டார் போல. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

சின்னவள் அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. ஒரு வருஷம் மறைத்ததே பெரிது.

"ஏதாவது சொல்லு" என்றாள் மைக்காரி. "தெரியாம நடந்துச்சுன்னாவது சொல்லு. நான் நம்பறேன்."

"தெரிஞ்சுதான் பண்ணேன்."

மைக்காரி எதிர்பார்த்தது பொய்யை. பொய் வந்தால் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று தயாராக வந்திருந்தாள். இப்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏன்?"

"எண் நல்லா வந்தா, மை செய்யச் சொல்லிக்கொடுக்க நீ ஆலைக்குப் போயிடுவே. ரெண்டு வருஷம். அப்போதான் அப்பா ஆஸ்பத்திரிலேருந்து வந்திருந்தார். ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கணும், குளிக்க வைக்கணும், எல்லாம் நான் ஒருத்தியா? நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பார்க்கறேன். என்கிட்ட அதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா? அந்த மைன்னா உனக்கு உசிரு. எங்களையெல்லாம் அதுக்கப்புறம்தான் பார்ப்பே."

"அதனால அந்த உசிரை எடுத்துட்டே. எடுத்துட்டு, நான் அழுதப்போ கூட உட்கார்ந்து அழுதே."

"அது நிஜமா அழுததுதான்க்கா" என்றாள் சின்னவள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவுக்காகத்தான் பண்ணேன். சத்தியமா, அப்பாவுக்காகத்தான்..."

சுவரில் ஏதோ மோதியது. அப்பா ரப்பர் பந்தை வீசியிருந்தார். டிவிச் சண்டை இல்லை என்பது அவருக்கு எப்போதோ புரிந்திருக்க வேண்டும்.

"என் பேரை... இழுக்காதே" என்றார். ஒவ்வொரு சொல்லும் படியேறி வந்தது. "நான்... கேட்டேனா?"

அதற்கு மேல் யாரும் சமையலறையில் குரலை உயர்த்தவில்லை. மைக்காரி போய்ப் பந்தை எடுத்து அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அவளுடைய நீல விரல்களை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு விட்டார்.

"கேட்டுக்கோ" என்றாள் தங்கையிடம். "இன்னைக்குச் சாயங்காலம் ஆலைல வேற மையைப் போடறாங்க. அதுக்குள்ள சரியான எண் அவங்களுக்குப் போகணும். நான் அளந்ததைக் கொடுத்தா அது செல்லாது. அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்ச இன்னொரு கை நம்ம கூடத்துல உன்னுது ஒண்ணுதான். நீதான் திரும்ப அளக்கணும்."

"அளந்தா போன வருஷத்துது பொய்னு தானா வெளில வந்துடும்."

"ஆமா."

"என் வேலை போயிடும்க்கா. எங்கயுமே அப்புறம் அளக்கற வேலை தர மாட்டாங்க."

"தெரியும்."

சின்னவள் துணியைப் பிழிந்து குழாயில் தொங்கவிட்டாள். 'முடியாது' என்றும் சொல்லவில்லை, 'சரி' என்றும் சொல்லவில்லை.

"அந்த மாஸ்க் எங்கே?"

சின்னவள் அலமாரியிலிருந்து ஊசிநூல் டப்பாவை எடுத்தாள். பொத்தான்களுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தாள். "தூக்கிப் போட்டா யார் கைலயாவது கிடைச்சுடுமோன்னு பயம்" என்று முணுமுணுத்தபடி நீட்டினாள்.

மைக்காரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்து மாஸ்க்குகள் வெளியிலிருந்து வருகிறவை, லேசரில் வெட்டியவை. ஓரம் சொரசொரவென்று இருக்கும், அசந்தால் விரலைக் கீறும். இதன் ஓரம் அப்படி இல்லை. நாலு பக்கமும் ஒரே சாய்வாக அரத்தால் இழைத்து, மூலைகளை மெல்ல மழுக்கி, மெருகேற்றியிருந்தது. கட்டைவிரலால் தடவினால் வழுக்கியது.

அவளுக்கு அந்த ஓரம் தெரியும். பத்து வருஷமாக அவள் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ஓரம் அது. மூக்குக்கண்ணாடி ஃப்ரேமின் உட்புறத்தை இப்படி இழைத்துக் கொடுக்கிற கை ஊரில் ஒன்றுதான்.

"இதை யார் வெட்டிக் கொடுத்தா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

சின்னவள் தரையைப் பார்த்தாள். "அத்தான் ஒண்ணும் சொல்லலைக்கா. ஒருநாள் மத்தியானம் வந்து மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டார். எனக்குப் புரிஞ்சுடுச்சு."

கணவரின் கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி. போகிற வழியெல்லாம் மைக்காரிக்கு ஒரு ராச்சாப்பாடு ஞாபகம் வந்தது. மாஸ்க் என்றால் என்ன என்று அவர்தான் ஆர்வமாகக் கேட்டார். லென்ஸும் வெளிச்சமும் அவர் தொழில், கேட்பது இயல்புதானே என்று இவளும் தட்டை ஒதுக்கிவிட்டு மேஜையில் விரலால் சதுரம் போட்டுக் காட்டினாள். "ஓட்டை கொஞ்சம் சின்னதாப் போச்சுன்னா, நல்ல செல்கூட நோஞ்சானாத் தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தது யார்? இவளேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான் இது. ஆனால் அந்தச் சொல்லில் இருக்கிற சிரிப்பு அவளுக்கு வரவில்லை. தங்கை செய்தது கத்திக்குத்து என்றால், இது நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தது. எண் வந்த பிறகு எத்தனை இரவு இவள் தூங்காமல் கிடந்தாள். அத்தனை இரவும் எழுந்து டீ போட்டுக் கொடுத்தவர் அவர். "உன் கை மேல தப்பே இல்லை, நேரம் சரியில்லை" என்று முதுகைத் தடவிக் கொடுத்தவரும் அவர்தான்.

கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். இவளைப் பார்த்துச் சிரித்தார். "உட்காரு, ரெண்டு நிமிஷம்."

மைக்காரி உட்காரவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திருப்திப்பட்டு, ஒருவழியாகக் கிளம்பினார். கதவு சாத்தியதும் அவள் மாஸ்க்கை எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை.

"சின்னவ சொல்லிட்டாளா?"

"அவ உங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஓரம் சொல்லிடுச்சு. ஒரு திருட்டு வேலையைக்கூட அரைகுறையா விட உங்களுக்கு மனசு வரலை. மெருகு வேற போட்டிருக்கீங்க."

அவர் கையிலிருந்த சின்னத் திருப்புளியை அதன் இடத்தில் வைத்தார். அடுத்து அரத்தை வைத்தார். மேஜையைத் துணியால் துடைத்தார்.

"ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் போறவங்க எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்க?" என்றார் கடைசியில். "நீ அங்க பெரிய ஆளாயிடுவே. நான் இங்க பெரிசுங்களுக்குக் கம்பி வளைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபோன்ல ஒருநாள் பேசுவே, ஒருநாள் பேச மாட்டே. அதை நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரலை."

"உங்களுக்குத் தூக்கம் வரலைன்னு என் ஒரு வருஷத் தூக்கத்தை எடுத்துட்டீங்க."

"இவ்வளவு உடைஞ்சு போவேன்னு நான் நெனைக்கலை. வேற ஒண்ணைச் செய்ய ஆரம்பிச்சுடுவே, மறந்துடுவேன்னு..."

"என் கை கெட்டுப்போச்சுன்னு நான் நம்பினேன். உங்க எதிர்லதான் சொன்னேன். 'இனிமே இந்தக் கையால ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லி அழுதேனே, அப்போகூட உங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. ஆனா அதுக்குள்ள நாளாயிடுச்சு. சொன்னா மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு தெரியும். அதனால டீ போட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். வெறுக்க வேண்டும் என்று வந்திருந்தாள். வெறுப்பும் வந்தது. ஆனால் கூடவே, பத்து வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட இந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாதே என்கிற பயமும் வந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

போன் அடித்தது. ஆலைத் தலைவி.

"சொல்லுங்கம்மா, உங்க மெசேஜ் இப்போதான் பார்த்தேன். ஃபிட்டர் எல்லாம் மெஷின் பக்கத்துல நிக்கறாங்க."

"மேடம், என் மையோட எண் ஒன்பது இல்லை. பதிமூணரை. ஒரு வருஷம் கழிச்சும் பதிமூணரை."

"யார் அளந்தது?"

"நான்."

"நீங்க அளந்தா எப்படிம்மா? அந்த விதியை எங்களுக்கே சொல்லிக் கொடுத்தது நீங்கதானே."

"அதனாலதான் கேக்கறேன். நாளைக் காலை வரைக்கும் மெஷினை நிறுத்தி வைங்க. நீங்களே நேர்ல வாங்க. பக்கத்துல நின்னு பாருங்க. வேற கை அளக்கும்."

"யாரு?"

"என் தங்கச்சி."

"போன வருஷம் ஒன்பதுன்னு போட்டவங்களா?"

"ஆமா."

தலைவி விவரம் தெரிந்தவர். அதற்கு மேல் தோண்டவில்லை. "அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"காலைல தெரியும்."

"சரி. ஒரு காலை தாங்கும். அதுக்கு மேல என்னால முடியாது. எண் வந்துச்சுன்னா, அன்னைக்குப் பேசின மாதிரியே ஆளை அனுப்பட்டுமா?"

மைக்காரி கணவரை ஒருமுறை பார்த்தாள்.

"வேண்டாம் மேடம். ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம். நானே வரேன்."

போனை வைத்தாள். கடையில் எல்லாச் சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான் தெரிந்தது.

"ஆளை அனுப்பறதுன்னா?" என்றார். "யாரை, எங்க அனுப்பறது?"

"அவங்க ஆள் ரெண்டு பேரை இங்க அனுப்பறது. இங்கேயே வச்சு நான் அவங்களுக்கு மை செய்யச் சொல்லிக் கொடுக்கறது. போன வருஷமே நான் அப்படித்தான் கேட்டேன். எனக்கு இங்க வீடு இருக்கு, அப்பா இருக்கார், வீட்டுக்காரர் இருக்கார், என்னால வர முடியாதுன்னேன். அந்தம்மா முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. எண் வந்ததும் உங்க எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

வெளியே யாரோ கதவைத் தள்ளி, உள்ளே இரண்டு முகங்களையும் பார்த்து, அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

"இப்போ கேக்கறேன்" என்றார் அவர். "போகாதே."

மைக்காரி மாஸ்க்கை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கை நடுங்கவில்லை. ஒரு வருஷமாக அவள் சந்தேகப்பட்ட கை அது.

"காலைல ஆய்வுக்கூடத்துக்கு வாங்க" என்றாள். "உங்க ஓட்டை இல்லாம என் மை எவ்வளவு தருதுன்னு பக்கத்துல நின்னு பாருங்க. அதுவும், சின்னவ அளக்க வந்தான்னா."